கர்னல் பணி தடைபடுதல்: மெதுவான வெளிச் சேமிப்பகம் லினக்ஸை உறைய வைப்பது ஏன்?

சில ஜிகாபைட் அளவுள்ள கோப்பு ஒன்றை லினக்ஸ் கணினியிலிருந்து பென் டிரைவுக்கு நகலெடுக்கும்போது, முன்னேற்றப் பட்டை சில விநாடிகளிலேயே நூறு விழுக்காட்டைத் தொட்டுவிடுவதையும், அதன்பின் சாதனத்தைப் பாதுகாப்பாக அகற்ற முயன்றால் பல நிமிடங்கள் ஒன்றும் நடக்காமல் இருப்பதையும் பலர் கண்டிருப்பார்கள். அந்த இடைவெளியில் உலாவி அசையாமல் நிற்கும். உரை திருத்தியில் சேமிப்புப் பொத்தானை அழுத்தினால் சாளரம் மங்கிப்போகும். ஏன் இப்படி என்று, இயங்குதளத்தின் கருவாகிய கர்னலின் பதிவைத் திறந்து பார்த்தால், இன்ன பணி (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) 120 விநாடிகளுக்கும் மேலாகத் தடைபட்டிருக்கிறது என்ற பொருள் தரும் ‘டாஸ்க் பிளாக்டு ஃபார் மோர் தேன் 120 செகண்ட்ஸ்’ என்ற வரியும், அதன் கீழே புரியாத பெயர்கள் அடுக்கடுக்காக உள்ள ஒரு பட்டியலும் இருக்கும்.

முதன்முறை இதைப் பார்ப்பவர், வரியில் பெயர் வந்துள்ள நிரலில்தான் பழுது என்று எண்ணி அதை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவார். அல்லது கர்னலே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவார். இரண்டும் தவறு. அந்த வரி காத்திருப்பவரின் பெயரைத்தான் சொல்கிறது. காக்க வைப்பவர் யார் என்பதைச் சொல்வதில்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை ஒவ்வொன்றாகத் தெளியும்.

லினக்ஸில் ஒரு பணி உறங்குவது இரண்டு வகையாக நடக்கும். விசைப்பலகையில் யாராவது தட்டுவார்களா என்று காத்திருக்கும் நிரலின் உறக்கம் இலேசானது; ஒரு சமிக்ஞை அனுப்பினால் அது எழுந்துவிடும், கொல்லச் சொன்னால் செத்துவிடும். வட்டுக்குக் கட்டளை அனுப்பிவிட்டு அதன் பதிலுக்குக் காத்திருக்கும் பணியின் உறக்கம் அப்படிப்பட்டதன்று. பாதி எழுதப்பட்ட நிலையில் அந்தப் பணி மறைந்துபோனால் கோப்பு முறைமையின் உள்கணக்கு குலைந்துவிடக்கூடும் என்பதால், பதில் வரும்வரை எந்தச் சமிக்ஞையும் தன்னைத் தொடாதபடி அது உறங்குகிறது. பணிகளைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை இதை ‘டி’ என்ற ஒற்றை எழுத்தால் குறிக்கும். இந்த ‘டி’ நிலையில் உள்ள பணிக்கு 9ஆம் எண் கொலைச் சமிக்ஞையை எத்தனை முறை அனுப்பினாலும், அது காத்திருக்கும் வேலை முடிந்த பிறகே அந்தச் சமிக்ஞையைக் கவனிக்கும். செயலியில் ஓடும், அதற்காகக் காத்திருக்கும் பணிகளின் எண்ணிக்கையைச் சொல்லும் லினக்ஸின் சுமைச் சராசரிக் கணக்கில் ‘டி’ நிலைப் பணிகளும் சேர்க்கப்படுகின்றன. ஆகவே செயலி ஏறக்குறைய சும்மா இருக்கும்போதே சுமைச் சராசரி மட்டும் ஏறிக்கொண்டே போனால், ஏதோ ஒரு சேமிப்பகத்தின் வாசலில் வரிசை நீள்கிறது என்று கொள்ளலாம்.

‘டி’ நிலை நோயன்று. ஒவ்வொரு வட்டு வாசிப்பின்போதும் பணிகள் சில மில்லிவிநாடிகள் அந்த நிலைக்குப் போய்த் திரும்புகின்றன. திரும்பாமல் நிற்பவற்றைக் கண்டுபிடிக்கவே கர்னலுக்குள் ‘கேஹங்டாஸ்க்டி’ என்னும் காவல் பணி ஒன்று ஓடுகிறது. அது குறித்த இடைவெளியில் விழித்தெழுந்து, ‘டி’ நிலையில் உள்ள ஒவ்வொரு பணியும் கடந்த 120 விநாடிகளில் ஒருமுறையேனும் செயலியில் ஏறி இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிறது. ஒருமுறைகூட ஏறவில்லை என்றால் அதன் பெயரையும், கர்னலின் எந்தச் செயற்கூற்றில் (நிரல் துண்டில்) அது நிற்கிறது என்ற தடத்தையும் பதிவில் எழுதுகிறது. அதே பணி தொடர்ந்து நின்றால் அடுத்தடுத்த சுற்றுகளில் 240, 360 விநாடிகள் என்றோ அவற்றைச் சற்றே தாண்டிய எண்களாகவோ எச்சரிக்கைகள் வரும். இயல்பான அமைப்பில் பத்து எச்சரிக்கைகளோடு காவல் பணி வாய்மூடிக்கொள்ளும். பதிவில் புதிய வரி வராததைக் கண்டு சிக்கல் தீர்ந்துவிட்டது என்று மகிழ்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எச்சரிக்கையிலேயே, காலவரம்பைச் சுழியாக மாற்றினால் இந்தச் செய்தி வராது என்று கர்னலே வழி சொல்லிக்கொடுக்கிறது. அதைத் தீர்வு என்று நினைத்து அப்படியே செய்பவர்கள் நிறையப் பேர். புகை உணரியின் மின்கலத்தைக் கழற்றிவிட்டால் சத்தம் வராதுதான்.

நகல் சீக்கிரம் முடிந்ததாகத் தோன்றுவது எப்படி?

ஒரு நிரல் கோப்பில் எழுதும்போது தரவு நேரடியாகச் சாதனத்துக்குப் போவதில்லை. கர்னல் அதை முதலில் முதன்மை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, ‘எழுதியாயிற்று’ என்று நிரலிடம் சொல்லிவிடுகிறது. இப்படி நினைவகத்தில் மாறியும் சாதனத்தில் இன்னும் மாறாமலும் உள்ள பக்கங்களுக்கு, அதாவது நினைவகத் துண்டுகளுக்கு, அழுக்குப் பக்கங்கள் என்று பெயர். கர்னலின் எழுத்துப் பணிகள் 5 விநாடிகளுக்கு ஒருமுறை விழித்து, 30 விநாடிகளுக்கு மேல் பழையதான அழுக்கைச் சாதனத்துக்கு அனுப்பும். இதைத் தவிர அளவின் அடிப்படையில் இரண்டு வரம்புகள் உள்ளன. அழுக்கு, பயன்படுத்தத்தக்க நினைவகத்தின் 10 விழுக்காட்டைத் தாண்டினால் பின்னணியில் எழுதுவது தொடங்கும். 20 விழுக்காட்டை நெருங்கினால், எழுதிக்கொண்டிருக்கும் நிரல்களையே கர்னல் இடையிடையே நிறுத்தி வைத்து வேகத்தைக் குறைக்கும். இவை கர்னலின் இயல்பு மதிப்புகள். சில லினக்ஸ் விநியோகங்கள் இவற்றை மாற்றி வைத்திருப்பதும் உண்டு.

இந்த விழுக்காட்டுக் கணக்கில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது. நினைவகம் சில மெகாபைட்டுகளாக இருந்த நாளில் அதன் ஐந்தில் ஒரு பங்கு என்பது அற்பத் தொகை. இன்று பயன்படுத்தத்தக்க நினைவகம் 15 ஜிகாபைட் உள்ள ஒரு கணினியில் அதே ஐந்தில் ஒரு பங்கு 3 ஜிகாபைட். உள்ளே இருக்கும் வேகமான திடநிலை வட்டு அதைச் சில விநாடிகளில் விழுங்கிவிடும். ஆனால் விநாடிக்கு 5 மெகாபைட் வேகத்தில் எழுதும் ஒரு பென் டிரைவுக்கு 3 ஜிகாபைட்டை எழுதப் பத்து நிமிடங்களுக்கும் மேல் ஆகும். கர்னல் பத்து நிமிட வேலையைக் கடனாக வாங்கி வைத்துக்கொண்டு, நிரலிடம் முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறது. முன்னேற்றப் பட்டையின் பொய்க்கும் 120 விநாடி எச்சரிக்கைக்கும் பிறப்பிடம் இந்தக் கடன்தான். 2013இல் கர்னல் உருவாக்குநர்களிடையே இது விவாதப் பொருளாகி, பெரிய நினைவகம் கொண்ட கணினிகளில் விழுக்காட்டு வரம்பு பொருந்துவதில்லை என்பதை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு எழுத்து மேலாண்மையில் பல முன்னேற்றங்கள் வந்துள்ளன, 4.10ஆம் கர்னல் பதிப்பில் பின்னணி எழுத்தை மட்டுப்படுத்தும் அமைப்பு ஒன்று சேர்ந்தது. ஆனாலும் 10, 20 என்ற இயல்பு எண்கள் அப்படியே இருக்கின்றன.

பென் டிரைவோடு எந்தத் தொடர்பும் இல்லாத நிரல் ஏன் நிற்கிறது என்று கேட்பது நியாயமே. அழுக்குக்கான வரம்பு கணினி முழுமைக்கும் பொதுவானது. ஒவ்வொரு சாதனத்தின் வேகத்துக்கும் ஏற்ப அந்த வரம்பைப் பங்கிட்டுக் கொடுக்கக் கர்னல் முயல்கிறது. ஆனால் கடந்த சில நிமிடங்களாக எழுதிக்கொண்டிருப்பது பென் டிரைவ் மட்டுமே என்றால் பங்கில் பெரும்பகுதி அதற்கே போய்ச் சேர்ந்திருக்கும். பொது வரம்பு நிரம்பிய நேரத்தில் உள் வட்டில் எழுத வரும் நிரலும் வேகத்தடைக்கு ஆளாகிறது. இந்தத் தடையில் நிற்கும் நிரல் ஒவ்வொரு முறையும் உயர்ந்தது 200 மில்லிவிநாடிதான் உறங்கி எழும் என்பதால், காவல் பணியின் கண்ணில் அது படுவதில்லை. ஆனால் அது உறங்கும்போது தான் எழுதும் கோப்பின் பூட்டைக் (ஒரு நேரத்தில் ஒருவரே எழுத விடும் அனுமதியை) கையில் வைத்துக்கொண்டே உறங்குகிறது. அதே கோப்பில் எழுத வரும் இன்னொரு பணி அந்தப் பூட்டுக்காக அசையாமல் காத்திருக்கும். எச்சரிக்கையில் பெயர் ஏறுவது இந்த இரண்டாவது பணிக்குத்தான். செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் கோப்பு முறைமையின் குறிப்பேட்டிலும் இதே கதை நடக்கும்: ஒரு கோப்பை உடனே வட்டில் எழுதி உறுதிசெய் என்று கேட்கும் எஃப்சிங்க் அழைப்பு, குறிப்பேட்டின் நடப்புத் தொகுதி முழுவதும் எழுதி முடியும்வரை காத்திருக்கும், அந்தத் தொகுதியில் வேறொருவரின் பெரிய நகலும் இருந்தால் அதற்கும் சேர்த்தே காக்க நேரும். சிங்க் கட்டளையோ எல்லாக் கோப்பு முறைமைகளுக்கும் பொதுவாக இயங்குவதால், பென் டிரைவ் எழுதி முடிக்கும்வரை திரும்பாது. இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்கும் சங்கிலியில் நடுவிலுள்ள ஏதோ ஒரு கண்ணியின் பெயரைத்தான் நாம் பதிவில் காண்கிறோம். பூட்டைப் பிடித்திருக்கும் பணி எது என்பதையும் சேர்த்துச் சொல்லும் வசதி மிக அண்மைய கர்னல்களில் வந்திருக்கிறது. பழையவற்றில் அந்தத் தடத்தை நாமே படிக்க வேண்டும்.

மெதுவா, நின்றுவிட்டதா?

ஆராயத் தொடங்கும்போது முதலில் விடை காண வேண்டிய கேள்வி இது ஒன்றே. மெதுவாக நகரும் சாதனத்துக்கு வேண்டியது பொறுமையும் அமைப்பு மாற்றமும். நின்றுவிட்ட சாதனத்துக்கு வேண்டியது கம்பி, மின்சாரம், வன்பொருள் ஆகியவற்றின் சோதனை. ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் நேரம்தான் வீண்.

மிக எளிய சோதனைக்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. ப்ராக் அடைவின் கீழுள்ள மெம்இன்ஃபோ கோப்பில் ‘டர்ட்டி’ என்றும் ‘ரைட்பேக்’ என்றும் இரண்டு வரிகள் இருக்கும். முதலாவது இன்னும் அனுப்பப்படாத அழுக்கின் அளவு. இரண்டாவது இந்தக் கணத்தில் சாதனத்துக்கு எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் அளவு. வாட்ச் கட்டளையின் துணையோடு இவ்விரண்டையும் ஒரு நிமிடம் கவனித்துப் பாருங்கள். கூட்டுத்தொகை படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்தால் சாதனம் உயிரோடு இருக்கிறது; எழுத வேண்டிய அளவை வேகத்தால் வகுத்து, எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று நீங்களே கணக்கிட்டுவிடலாம். எண்கள் ஒரே இடத்தில் உறைந்து நின்றால் சாதனம் பதில் சொல்வதை நிறுத்திவிட்டது என்று பொருள்.

எந்தச் சாதனம் என்பதை அறிய ஐஓஸ்டாட் கட்டளையை அதன் விரிவான வடிவில் ஓடவிட வேண்டும். அதில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு வரி வரும். பயன்பாட்டு விழுக்காடு நூறை ஒட்டி இருந்து, ஓர் எழுத்துக்கான சராசரிக் காத்திருப்பு ஆயிரக்கணக்கான மில்லிவிநாடிகளாக ஏறி, விநாடிக்கு எழுதப்படும் அளவு சிறிதாகவேனும் சுழியைவிட அதிகமாக இருந்தால் அது மெதுவான சாதனம். பயன்பாடு நூறாகவும் எழுதப்படும் அளவு விடாமல் சுழியாகவும் இருந்தால், கட்டளை போயிருக்கிறது, விடை வரவில்லை.

அப்படி நின்றுவிட்டதாகத் தெரிந்தால் கர்னல் பதிவில் 120 விநாடி வரிக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் எச்சரிக்கை வரியிலிருந்து கீழ்நோக்கிப் படிக்கிறார்கள். விடையோ பல நேரம் அதற்குச் சில நிமிடம் முந்தைய வரிகளில் கிடக்கும். யூஎஸ்பி சாதனம் மீளமைக்கப்பட்டது, இணைப்பு துண்டிக்கப்பட்டது, உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை ஏற்பட்டது என்ற பொருளில் ‘ரீசெட்’, ‘டிஸ்கனெக்ட்’, ‘ஐஓ எர்ரர்’ போன்ற சொற்கள் தென்பட்டால் குற்றவாளி ஏறக்குறையக் கையில் அகப்பட்டுவிட்டான். லினக்ஸ் பொதுவாக ஒரு வட்டுக் கட்டளைக்கு 30 விநாடி பொறுத்துப் பார்க்கும்; விடை வராவிட்டால் கட்டளையைக் கைவிட்டுச் சாதனத்தை மீளமைத்து மீண்டும் முயலும். இப்படி நான்கைந்து முயற்சிகள் ஆனாலே 120 விநாடி கடந்துவிடும். எச்சரிக்கையில் வரும் அந்த எண், கர்னல் ஏற்கெனவே பலமுறை முயன்று தோற்றிருப்பதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

சங்கிலியின் மற்றக் கண்ணிகளையும் பார்க்க விரும்பினால், கர்னலுக்கு நேரடியாகக் கட்டளையிடும் சிஸ்ரிக் விசையோடு ‘டபிள்யூ’ எழுத்தைச் சேர்த்து அனுப்பினால் தடைபட்டுள்ள எல்லாப் பணிகளின் தடங்களும் பதிவில் கொட்டும். படிக்கத் தொடங்குபவர் எல்லாச் செயற்கூறுகளையும் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. பல பணிகளின் தடங்கள் பூட்டு, குறிப்பேடு ஆகியவற்றின் பெயர்களில் முடிய, ஏதோ ஒன்று மட்டும் யூஎஸ்பி அல்லது ஸ்கசி (வட்டுக் கட்டளைகளைக் கையாளும் பகுதி) என்ற பெயருடைய செயற்கூறுகளில் முடிந்தால், அதுவே சங்கிலியின் தலை.

சாதனம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது?

மலிவான பென் டிரைவுகள் தொடக்கத்தில் காட்டும் வேகத்தைக் கடைசிவரை காட்டுவதில்லை. ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுவதற்கு முன் பெரிய தொகுதி ஒன்றை முழுவதுமாக அழிக்க வேண்டும். சிறு சிறு எழுத்துகள் சிதறலாக வந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய தொகுதியையே நகர்த்தி எழுத நேர்வதால் வேகம் பாதாளத்தில் விழுகிறது. வெளித் திடநிலை வட்டுகள் பலவற்றிலும் வேகமான சிறு முன்பகுதி நிரம்பும்வரைதான் பெட்டியில் அச்சிட்ட வேகம் கிடைக்கும். வெளி வன்தட்டுகளில் தடங்கள் ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படியும் எஸ்எம்ஆர் வகை உண்டு. தரவைத் தற்காலிகமாக வாங்கி வைக்கும் அதன் இடைப் பகுதி நிரம்பிய பின், தடங்களை மறுவரிசைப்படுத்தும் வேலையில் மூழ்கி, அது நெடுநேரம் மிகக் குறைந்த வேகத்தில் எழுதும். பழுதான பிரிவு ஒன்றைப் படிக்க முயலும் சாதாரண வன்தட்டு அதையே திரும்பத் திரும்ப முயன்று ஒரு நிமிடத்துக்கும் மேல் மௌனமாக இருப்பதும் உண்டு. இந்த ஐயம் எழுந்தால் வட்டின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கருவியின் அறிக்கையில் மாற்றியமைக்கப்பட்ட பிரிவுகளின் எண்ணிக்கையையும், மாற்றத்துக்குக் காத்திருக்கும் பிரிவுகளின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். இரண்டாவது எண் சுழியாக இல்லாவிட்டால் வேறு எதையும் செய்வதற்கு முன் தரவைக் காப்பு நகல் எடுத்துவிடுங்கள்.

இணைப்பும் காரணமாகலாம். யூஎஸ்பி 2.0 துளை தரும் மின்னோட்டம் 500 மில்லிஆம்பியர், 3.0 துளை தருவது 900 மில்லிஆம்பியர். தனி மின்சாரம் இல்லாத வன்தட்டு சுழலத் தொடங்கும்போது இந்த அளவைத் தாண்டினால் அது விழுந்து எழுந்து விழும். வெளி மின்சாரம் இல்லாத இணைப்புப் பெட்டியில் (யூஎஸ்பி ஹப்) இரண்டு வட்டுகளைச் செருகுவது இதற்கு உத்தரவாதமான வழி. சாதனம் எந்த வேகத்தில் இணைந்துள்ளது என்பதை எல்எஸ்யூஎஸ்பி கட்டளையின் மரவடிவம் காட்டும்: 5000 என்று வர வேண்டிய இடத்தில் 480 என்று வந்தால், தவறான துளையோ கெட்ட கம்பியோ காரணம். எனக்குத் தெரிந்து இந்தச் சிக்கலுக்கு மிக அடிக்கடி பலன் தரும் பழுதுபார்ப்பு, கம்பியை மாற்றுவதுதான். யூஎஸ்பி வட்டுகளுக்கான யூஏஎஸ் என்னும் புதிய நெறிமுறையைச் சரியாகக் கையாளாத வட்டுப்பெட்டிகளும் உள்ளன. பதிவில் யூஏஎஸ் பெயரோடு பிழைகள் வந்தால், அந்தச் சாதனத்துக்கு மட்டும் அதை முடக்கிப் பழைய முறையில் இயக்கும்படி கர்னலின் தொடக்க அளவுருவில் குறிப்பிடலாம்.

கடனைக் குறைத்தல்

சாதனம் நலமாக இருந்து மெதுவாக மட்டும் இருந்தால், கர்னல் வாங்கும் கடனைக் குறைப்பதே சரியான மருந்து. விழுக்காட்டுக்குப் பதிலாகப் பைட் அளவில் வரம்பு வைக்கும் ‘டர்ட்டி பைட்ஸ்’, ‘டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ்’ என்ற இரண்டு அமைப்புகள் உள்ளன. முதலாவதை 200 மெகாபைட்டாகவும் இரண்டாவதை 50 மெகாபைட்டாகவும் வைத்தால், விநாடிக்கு 5 மெகாபைட் எழுதும் அதே பென் டிரைவின் கடன் 40 விநாடிகளில் தீர்ந்துவிடும். முன்னேற்றப் பட்டையும் உண்மைக்கு நெருக்கமாக நகரும். பைட் அளவை வைத்ததும் அதற்கு இணையான விழுக்காட்டு அமைப்பு தானாகவே சுழியாகிவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் செயல்படா. சிஸ்சிடிஎல் கட்டளையால் முதலில் தற்காலிகமாக மாற்றிப் பார்த்து, பலன் தெரிந்த பிறகு அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதுவது நல்லது. இதற்கு விலையும் உண்டு: உள் வட்டில் பெருமளவு எழுதும் தரவுத்தளம் போன்ற வேலைகளில் சிறிய வரம்பு வேகத்தைக் குறைக்கக்கூடும். மேசைக் கணினிக்கு இது பெரும்பாலும் பொருட்டன்று. வழங்கிக் கணினியில் (சர்வரில்) அளந்து பார்த்தே செய்ய வேண்டும். குறிப்பிட்ட ஒரு சாதனத்தின் பங்கை மட்டும் குறைக்கும் உச்சப் பங்கு அமைப்பும் சிஸ் அடைவின் கீழ் உண்டு. புதிய கர்னல்களில் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தும் தனி அமைப்பும் அதனோடு சேர்ந்துள்ளது.

சாதனத்தை ‘சிங்க்’ விருப்பத்தோடு ஏற்றிவிட்டால் (மவுண்ட் செய்தால்) கடனே இருக்காதே என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஃபேட் வகைக் கோப்பு முறைமையில் இது கோப்பு அட்டவணையை ஓயாமல் திருப்பி எழுத வைத்து, வேகத்தையும் ஃபிளாஷின் ஆயுளையும் சேர்த்தே தின்றுவிடும். அதற்கு அந்தக் கோப்பு முறைமையின் ‘ஃப்ளஷ்’ விருப்பம் மேலானது. அது வழக்கத்தைவிடச் சீக்கிரமாகத் தரவை வெளியே தள்ளுமே தவிர, ஒவ்வோர் எழுத்துக்கும் காத்திருக்காது. வட்டுப் படிமம் எழுதுபவர்கள் டிடி கட்டளையில் நேரடி எழுத்துக்கான விருப்பத்தைச் சேர்த்தால் தரவு நினைவகத் தேக்ககத்துக்குள் நுழையாமலே போகும். மற்ற நிரல்களுக்கு இடைஞ்சல் இருக்காது.

நின்றுவிட்ட சாதனம் எதற்கும் அசையவில்லை என்றால் என்ன செய்வது? முதலில் சில நிமிடங்கள் காத்திருங்கள், ஏனெனில் கர்னலின் மீளமைப்பு முயற்சிகள் முடிந்து பிழையோடு பணிகள் விடுபடக்கூடும். அதன்பிறகும் மாற்றமில்லை எனில், கம்பியைப் பிடுங்குவது பெரும்பாலும் நிலுவையில் உள்ள கட்டளைகளைப் பிழையாக முடித்துவைத்து, தடைபட்ட பணிகளை விடுவிக்கும். எழுதப்படாத தரவு அத்தோடு போய்விடும், கோப்பு முறைமையும் சிதைந்திருக்கலாம். மீண்டும் இணைக்கும்போது ஏற்றுவதற்கு முன்பே எஃப்எஸ்சிகே கருவியால் சரிபார்த்துவிடுங்கள். மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும் சாதனத்தில் மட்டும் இதைச் செய்யவே கூடாது: மெம்இன்ஃபோவில் எண் குறைந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு விநாடியும் உங்கள் கோப்பின் ஒரு பகுதி பத்திரமாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது.

எந்த மாற்றத்தைச் செய்தாலும் அதே கோப்பை அதே சாதனத்துக்கு மீண்டும் நகலெடுத்து, மெம்இன்ஃபோவின் அந்த இரண்டு வரிகளும் எந்த உச்சம்வரை ஏறுகின்றன என்று பாருங்கள். முன்பு 3 ஜிகாபைட்வரை ஏறியது இப்போது 200 மெகாபைட்டை ஒட்டி நின்று, அகற்றும் கட்டளை ஒரு நிமிடத்துக்குள் திரும்பினால் அமைப்பு வேலை செய்கிறது. உச்சம் குறைந்தும் எச்சரிக்கை தொடர்ந்தால், அமைப்புகளை விட்டுவிட்டுக் கம்பிக்கும் வட்டுக்கும் திரும்புங்கள்.